அவிக்கும் அறையில் நின்றவர்கள்

செய்தி காலையில் வந்தது. பாண் துண்டைச் சம்பலில் தொட்டு வாயில் வைக்கப் போனபோது தொலைபேசி அடித்தது. உடப்பிலிருந்து சரோஜா. "ரிஸானா, அக்கா போயிட்டா" என்றாள். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஓர் அக்காதான் இருந்தார். "எதால?" என்று மட்டும் கேட்டேன். "மூச்சுத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்குள்ள முடிஞ்சிது" என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. பயம் வந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். தொலைபேசியை வைத்ததும் நான் செய்த முதல் காரியம், வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சுக்குள் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று பார்த்தது. இரண்டு மூன்று தடவை பார்த்தேன். அக்காவை நினைத்தது அதன் பிறகுதான். இதை அவரிடம் சொல்ல முடிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

கண்டக்குழி பிலோமினா அக்காவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர் முடிந்து, கடலுக்குப் போவதில் இருந்த கெடுபிடிகள் தளர்ந்த காலத்தில், கற்பிட்டிப் பக்கம் நண்டுத் தொழிற்சாலைகள் முளைத்தன. வள்ளத்தில் வரும் கடல் நண்டை அவித்து, ஓட்டை உடைத்து, சதையைப் பிரித்தெடுத்து, டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலை. வேலை செய்தவர்கள் அநேகமாகப் பெண்கள். அப்படி ஒரு தொழிற்சாலையில் அக்கா மேற்பார்வையாளர். நான் தரக்கட்டுப்பாட்டு உதவியாளர். வெப்பமானியும் கொப்பியுமாக அலைபவள். எங்கள் குடும்பம் தொண்ணூறில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தது. கையில் இருப்பதை எவனும் எந்த நேரமும் பறித்துக்கொள்ளலாம் என்ற பயத்திலேயே வளர்ந்தவள் நான். கிடைத்த வேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, கூடையிலிருந்து தப்பிய ஒரு நண்டு தரையில் என்னை நோக்கி வந்தது. வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக நான் மேசைமேல் ஏறி நின்றுவிட்டேன். கூடம் முழுவதும் சிரித்தது. அக்கா நண்டைப் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, "அதுக்குப் பத்துக் கால், உனக்கு ரெண்டு. ஆனா பாரு, அதுதான் உன்னக் கண்டு பயந்து பக்கவாட்டில ஓடுது" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பயந்தாங்கொள்ளி. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். ஆனால் அவர் அதட்டினால் ஐஸ் லொறிச் சாரதிகூட வாயை மூடிக்கொள்வார்.

சதை எடுக்கும் கூடம் எப்போதும் குளிராக இருக்கும். ஐஸ் தட்டுகள், ஓயாத ஏசி, ஈரத் தரை. அங்கே இருந்து நண்டு உடைத்த பெண்களில் சிலருக்கு முட்டு என்று நாங்கள் சொல்லும் மூச்சிழுப்பு வரத் தொடங்கியது. முதலில் சரோஜாவுக்கு. மதியம் திரும்பியதும் அவள் மூச்சு விட்டால் நெஞ்சுக்குள்ளிருந்து பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். நம் பக்கத்தில் முட்டு என்றால் குளிர்தான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மருந்து கொடுத்தவர்களும் குளிரில் நிற்காதே என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். அக்காவுக்கு மனம் பொறுக்கவில்லை. சரோஜாவை அவிக்கும் அறைக்கு மாற்றினார். அந்த அறையில் பெரிய தொட்டிகளிலிருந்து நீராவி வெள்ளையாக எழும்பும். எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது. "சூட்டுக்க நில்லு பிள்ள. சளி இளகும்" என்றார். மல்லி அவித்த தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து தானே குடிக்கக் கொடுத்தார்.

சரோஜாவுக்குப் பிறகு இன்னும் மூன்று பேர். போகப்போக, அந்த அறைக்குப் போவது ஒரு சலுகை மாதிரி ஆகிவிட்டது. அனுப்பப்படாதவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். காலையில் அக்கா பெயர்களைச் சொல்வார், நான் ரோஸ்டர் புத்தகத்தில் எழுதுவேன், அவர் கீழே கையெழுத்து வைப்பார். நேரம் கிடைத்தபோதெல்லாம் அவரும் அந்த அறையில் போய் நிற்பார். சூடு பிடிக்கும் போலும் என்று நினைத்தோம். அவருக்கும் முட்டு இருந்ததும், அதை யாரிடமும் சொல்லாமல் தனக்கும் அதே வைத்தியம் செய்துகொண்டிருந்ததும் பிறகுதான் தெரிய வந்தது.

விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்கும் முட்டு இல்லை. இதை நாங்கள் எல்லோருமே கவனித்திருந்தோம். பூசைக்குப் போவதால் என்றார்கள் கத்தோலிக்கரான கண்டக்குழிப் பெண்கள். பூசைக்குப் போகாத சரோஜாவுக்கும் ஞாயிறு நல்லபடி போனதற்கு யாரும் காரணம் தேடவில்லை. நானும் தேடவில்லை. படித்தவள் என்று பெயர் வேறு.

ஒரு வியாழக்கிழமை முற்பகல். வெப்பநிலை குறித்துக்கொள்ள அவிக்கும் அறைக்குள் போனேன். நீராவிக்குள் ஏதோ காலில் தட்டியது. குனிந்து பார்த்தால் சரோஜா. உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள். பேச முயன்றாள், சத்தம் வரவில்லை. நான் கத்தினேனா ஓடினேனா என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. அக்காதான் வந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே மணலுக்குக் கொண்டுபோனார். ஐஸ் லொறியின் முன் ஆசனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சரோஜா பிழைத்துவிட்டாள். அக்கா திரும்பி வந்து சுவரில் சாய்ந்து நின்றபோது அவருடைய நெஞ்சிலிருந்தும் அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் கேட்டது. நான் கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிட்டேன். கேட்டதாக ஒப்புக்கொண்டால் அடுத்தது என் நெஞ்சாக இருக்குமோ என்று பயம்.

சரோஜாவைப் பார்த்த டொக்டர் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, கையில் இருந்த சோதனைகளைச் செய்தார். தூசி, பூனை மயிர், இறால், மீன். ஒன்றும் பிடிபடவில்லை. நம் கடல் நண்டுக்கென்று அவரிடம் சோதனை எதுவும் இருக்கவில்லை. அவர்தான் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளருக்குச் சொல்லியிருக்கிறார். அப்படி வந்தவர்தான் நிரஞ்சலா மிஸ். சிலாபத்துப் பெண், தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். அவர் கொண்டுவந்தவை மிகச் சின்னச் சாமான்கள். இடுப்பில் மாட்டும் தீப்பெட்டியளவு காற்றுப் பம்பி, சட்டைக் கழுத்தில் குத்திக்கொள்ளும் வட்டமான வடிதாள். நாம் மூச்சு இழுக்கும் காற்றை அதுவும் இழுக்கும். காற்றில் இருப்பது தாளில் தங்கும். அந்தத் தாளும் எங்கள் இரத்தமும் வெளிநாட்டில் உள்ள ஒரு பெரிய கருவிக்குப் போகும்.

அந்தக் கருவியைப் பற்றி மிஸ் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறேன். பெயர் திணிவு நிறமாலைமானி. தாளில் ஒட்டியிருக்கும் புரதங்களை முதலில் துண்டு துண்டாக நறுக்குவார்கள். கருவி ஒவ்வொரு துண்டின் திணிவையும் அளக்கும். பிறகு கணினி, இந்தத் துண்டுகள் எந்தப் புரதத்திலிருந்து வந்தவை, அந்தப் புரதம் எந்த உயிருக்குச் சொந்தம் என்று பார்க்கும். ஒன்றிரண்டு அல்ல, ஆயிரக்கணக்கானவற்றை ஒரே ஓட்டத்தில். எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கத் தேவையில்லை. அக்கா இதைக் கேட்டுவிட்டு எங்களுக்குச் சொன்ன விதம் இன்னும் நல்லது: "டொக்டர் ஒவ்வொருத்தனாக் கூட்டி வந்து இவனா, இவனா எண்டு கேட்டார். இந்த மெஷின், அந்த நேரம் அங்க ஆரெல்லாம் நிண்டது எண்டு கேக்குது."

அந்தக் கருவி இரத்தத்தைப் பார்த்து யாருக்கு என்ன நோய், யார் எப்போது சாவார் என்றெல்லாம் சொல்லிவிடுமாம் என்று கதை பரவியது. வருத்தக்காரி என்று தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்றாள் ஒருத்தி. கலியாணம் பேசியிருக்கிறது, எனக்கு வேண்டாம் என்றாள் இன்னொருத்தி. அக்கா முன்னால் போய்ப் பம்பியை இடுப்பில் மாட்டிக்கொண்டு, "பாருங்கடி, ஒட்டியாணம்" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். பிறகு கையை நீட்டி இரத்தம் கொடுத்தார். அவருக்குப் பின்னால் அந்த நான்கு பெண்களும் வரிசையில் நின்றார்கள்.

நான் நிற்கவில்லை. ஆறு நோன்பு பிடிக்கிறேன், இரத்தம் கொடுக்க முடியாது என்றேன். பச்சைப் பொய். நோன்புப் பெருநாள் முடிந்து வரும் அந்த ஆறு நோன்பைப் பற்றிக் கத்தோலிக்கரான அக்காவுக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்தேன். அரை மணித்தியாலம் கழித்துச் சாப்பாட்டு அறையில் என் எதிரில் வந்து நின்று, "எந்த நோன்புக்குப் பிள்ள தேத்தண்ணி குடிக்கிற?" என்றார். கோப்பை என் கையில் இருந்தது. மிஸ்ஸிடம் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

முடிவு வர மாதக்கணக்கில் ஆனது. மிஸ் சாப்பாட்டு அறையில் எங்களை இருத்தி வாசித்தார். பக்கம் பக்கமாகப் பெயர்கள். எங்கள் தோலில் இருந்து உதிர்ந்த புரதமும் அதில் இருந்தது என்றார். எதையும் மறைக்க முடியாத இடத்தில் நிற்பதுபோல எனக்கு இருந்தது. பிறகு நண்டு. குளிர்க் கூடத்தில் தொங்கவிட்ட வடிதாளில் நண்டுப் புரதம் கொஞ்சம்தான். அவிக்கும் அறைத் தாளில் அள்ளு கொள்ளையாக இருந்தது. கொதிக்கும்போது அவை நீராவியோடு எழும்பி, பார்வைக்குத் தெரியாத துளிகளாக நெஞ்சுக்குள் போகின்றன. அந்த நீண்ட பட்டியலில் இரண்டே இரண்டு புரதங்களை எங்கள் நோயாளிப் பெண்களின் இரத்தம் எதிரியாக அடையாளம் கண்டிருந்தது. குளிர்க் கூடத்தில் லேசாகத் தொடங்கியதை அந்த அறைதான் முற்றவைத்தது. குளிருக்கும் முட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

ஐந்து பேரில் எதிர்ப்பு மிகக் கடுமையாக இருந்தது அக்காவின் இரத்தத்தில்தான். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப, இவளுகள அங்க அனுப்பினது நான்தானே" என்றார். மிஸ் ஏதோ ஆறுதல் சொன்னார். அக்காவுக்கு அது காதில் விழவில்லை. "மல்லித்தண்ணியும் குடுத்து அனுப்பினன்" என்றார். சரோஜா எழுந்து வந்து அவர் பக்கத்தில் அமர்ந்தாள்.

மிஸ்ஸுக்கு ஒரே ஒரு சாமான் பாக்கியிருந்தது. யார் எந்த அறையில் எத்தனை நாள் நின்றார்கள் என்ற விவரம். இரத்தம் சொல்வதையும் காற்று சொல்வதையும் சேர்த்து முடிச்சுப்போட அது வேண்டும். அது இருந்தால்தான் அறிக்கை எழுதலாம். அறிக்கை வந்தால்தான் தொட்டிகளுக்கு மூடி போட்டு, நீராவியை வெளியே இழுக்கும் குழாய் வைக்கச் சொல்லலாம். மறுநாள் முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். ரோஸ்டர் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் புதுக் கொப்பி ஒன்றைத் தந்தார். "பழையது நனைஞ்சு போச்சு எண்டு சொல்லுவம். நாலு பேரும் முழுக்கக் குளிர்க் கூடத்திலதான் நிண்டாங்க எண்டு எழுதுங்க. பிலோமினாவுக்கும் இதுதான் நல்லது, அவட கையெழுத்தல்லவா பழைய புத்தகத்தில இரிக்கிது" என்றார். அவரையும் குறை சொல்லமாட்டேன். வெளிநாட்டுக் கொள்வனவாளர் காதுக்கு எட்டினால் என்னாகுமோ என்று அவருக்கும் பயம்.

நான் எழுதினேன். மறைக்காமல் சொல்கிறேன், ஒரு பக்கத்தில் பாதி எழுதிவிட்டேன். அழகான எழுத்தில், சரோஜாவைக் குளிர்க் கூடத்தில் இருத்தினேன். முகாமையாளர் வெளியே போயிருந்த நேரம் அக்கா உள்ளே வந்து, என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். அவர் எதிரில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, மூச்சு அடங்கும்வரை அந்தப் பக்கத்தை வாசித்தார்.

"ஆரு சொன்னது?"

"மனேஜர் சேர். உங்களுக்கும் நல்லதாம்."

"எனக்கு நல்லதுதான்" என்றார். "ஆனா இது அந்த மிஸ்ஸுட கைக்குப் போனா, மெஷின் சொன்னது பொய்யாப் போயிரும். குளிருக்க நிண்டவளுக்கு ஆவியில இருந்த சாமான் எப்பிடிப் போனது எண்டு கேப்பாங்க. மூடியும் வராது, குழாயும் வராது. அடுத்த வருசம் வாற பிள்ளைகளுக்கு முட்டு வரும். இன்னொருத்தி பாவம் பார்த்து அதுகளச் சூட்டுக்க அனுப்புவா."

"வேலை போயிரும், அக்கா."

"போகும். புதுப் பக்கம் எடு. முதல்ல என்ட பேரை எழுது."

பூட்டிக் கிடந்த புத்தகத்தை அவர் மனத்திலிருந்து சொன்னார். முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். லீவு கேட்கும் நாள்களைப் பார்த்துப் பார்த்து ரோஸ்டர் போட்டவர் அவர்தானே. மூன்று மதத்துப் பெண்களுக்கும் அவரவர் நாள்காட்டி அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "எங்கட தலவில கோயில் கொடியேறின கிழமை, எங்கட ஆக்கள் குறைய, சரோஜா முழு நாளும் அவிக்கிற ரூம். உடப்பில தீமிதிப்புக்கு அவள் லீவு, மற்ற மூணு பேரும் நிண்டவங்க. உங்கட நோன்பு தொடங்கின திங்கள், அரை நாள்." நடுநடுவே மூச்சுக்காக நிறுத்தினார். ஒவ்வொரு வரியும் அவருக்கு எதிரான வரி. நான் தலை நிமிராமல் எழுதினேன். எந்த நேரம் கதவு திறக்குமோ என்று என் முதுகு முழுக்கக் காதாக இருந்தது.

முடிந்தது என்று பேனாவை மூடினேன். "இன்னும் ஒராள்" என்றார். "உன்ட பேர்."

"நானா? நான் ரோஸ்டரிலயே இல்லையே!"

"வெப்பம் பார்க்க நாளுக்கு ரெண்டு தரம் நீ உள்ள போனதானே. ரோஸ்டரில இல்லாட்டி நீ அங்க மூச்சு விடல்லயா?"

எழுதினேன். என் பெயரை எழுதும்போதுதான் நெஞ்சு உண்மையாகவே அடைத்தது. இருவரும் கையெழுத்து வைத்தோம். அடுத்த நாள் அது மிஸ்ஸின் கையில் இருந்தது.

அக்காவின் வேலை போனது. என்னுடையது ஏனோ தப்பியது. இழுபறிக்குப் பிறகு மூடிகள் வந்தன. தகரக் குழாய் வந்தது. நீராவி கூரைக்கு மேலால் கடல் பக்கம் போனது. எதிரில் நிற்பவரின் முகம் அந்த அறையில் முதல்முறையாகத் தெரிந்தது. இரண்டு புரதங்களையும் வைத்து ஒரு சின்ன இரத்தச் சோதனையை உருவாக்கினார்கள். வேலைக்கு வரும் பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை அதைச் செய்கிறார்கள். இவ்வளவு பெரிய கருவி நம்மைப்போன்ற ஏழை நாட்டுக்கு எதற்கு, கடைசியில் ஒரு மூடிதானே கிடைத்தது என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தொட்டிக்கு மூடி போடச் சொல்ல ஒரு கருவி வேண்டுமா என்றால், ஓம், வேண்டும். அதற்கு முன் எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும், மூடியைத் திற, சூடு வரட்டும், பிள்ளைகளுக்கு முட்டு என்றுதான் சொல்லியிருப்போம். அன்பாகவே ஒருவரை ஒருவர் கொன்றிருப்போம்.

கருவி அக்காவின் நெஞ்சைத் திருப்பித் தரவில்லை. அது கண்டுபிடிக்கும், போனதைத் திருத்தாது. வீட்டில் தையல் மெஷினோடு இருந்து, இன்ஹேலரைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் நண்டு அவித்தால் ஜன்னலைப் பூட்டிக்கொண்டு வாழ்ந்தார். போய்ப் பார்க்கும்போதெல்லாம் இரத்தம் கொடுத்தாயா என்று கேட்பார். அடுத்த மாதம் என்பேன். பிறகு எனக்குப் பாடசாலை ஆய்வுகூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. நண்டை விட்டாயிற்று, இனி எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படி ஏறும்போது மூச்சு வாங்கினால் வயது என்று சொல்லிக்கொண்டேன்.

கண்டக்குழியில் அடக்கத்துக்குப் போயிருந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் அந்த நான்கு பெண்களும் நின்றார்கள். நான்கு பேரும் உயிரோடு, நான்கு பேரும் வாய்விட்டு அழக்கூடிய அளவுக்கு மூச்சோடு. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. கூட்டத்தில் நிரஞ்சலா மிஸ்ஸும் இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரிஸானா, அந்தப் பட்டியல் இன்னும் எங்கிட்ட இருக்கு. எல்லாப் பேருக்கும் நேரா இரத்தம் இருக்கு, உங்கட பேருக்கு மட்டும் இல்ல" என்றார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. தப்பை எழுத வேண்டி வந்தால் தன் பெயரிலிருந்து தொடங்குவது. அது ஒன்றுதான். துணிச்சலை அவர் எனக்குத் தரவில்லை. என்னிடம் அதற்கு இடமில்லை என்று அவருக்குத் தெரியும். நேற்று கிளினிக்குக்குப் போனேன். தாதி பெயர் கேட்டார், சொன்னேன். கையில் ரப்பர் பட்டியைக் கட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தவர், "பயமா?" என்றார்.

"ஓம், நல்லாப் பயம்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன்.